எண்பத்தாறு தடவை தள்ளிய கை

மேம்பாலத்தின் ஏற்றத்தில், காலை ஒன்பதே கால் மணிக்கு, முன்னால் ஒரு தண்ணீர் லாரியும் பின்னால் ஒரு பள்ளிக்கூட வேனும் நெருக்கிக்கொண்டு நிற்க, கார் நகர மாட்டேன் என்றது. இஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் உறுமவும் செய்தது. உறுமியதே தவிர முன்னால் ஓர் அங்குலம் போகவில்லை. போதாக்குறைக்குப் பின்பக்கமாக மெல்லச் சரிய ஆரம்பித்தது. ஓட்டிக்கொண்டிருந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரேக்கை மிதித்து, கைப் பிரேக்கையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். வேனுக்கும் இவருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தால் அதிகம்.

அவர் முப்பத்தொரு வருஷம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். அந்த மேம்பாலம் கட்டுவதற்கு முன்பே அந்தச் சாலையில் ஓட்டியவர். நடுரோட்டில் வண்டி மக்கர் பண்ணி, பின்னால் இருப்பவனெல்லாம் ஹாரன் அடித்து, அவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்த கதை அவர் சரித்திரத்திலேயே கிடையாது. வெலவெலத்துப்போன மனிதர் முதலில் செய்த காரியம், பக்கத்தில் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனைவியின் பக்கம் திரும்பியதுதான்.

"வண்டிய என்ன பண்ணி வெச்சிருக்க?" என்றார்.

பென்ஷன் ஆபீஸில் ஒரு வேலை இருந்ததால் அன்று கூட வந்து வண்டியை ஓட்டியது அவர். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்கும் அவர்தான். இருந்தாலும் கேள்வி மனைவிக்குப் போயிற்று. "நானா?" என்று மட்டும் கேட்டாள் அவள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "தையல்காரர் கட்டப் பிரிச்சு வெச்சிட்டு உக்காந்திருப்பாரு. சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க."

இருபது நிமிஷம் அப்படியே நின்ற பிறகு, வண்டி ஒன்றுமே நடக்காததுபோல் நகர்ந்தது. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

பணிமனையில் அவரை எல்லோரும் 'தம்ளர்' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கண்டக்டர், ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரை வைத்து, கடைசி நிறுத்தம்வரை சிந்தாமல் ஓட்டினால் தன் மதியச் சாப்பாட்டைத் தருவதாகப் பந்தயம் கட்டினார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. கண்டக்டர் பட்டினி; இவருக்குப் பெயர் நிலைத்துவிட்டது. மற்றவர்கள் கையில் எட்டு மாதத்தில் தேயும் கிளட்ச், தம்ளர் கையில் இரண்டு வருஷம் உழைக்கும் என்று பணிமனை மெக்கானிக்குகளே ஒப்புக்கொள்வார்கள். அதில் ரகசியம் எதுவும் இல்லை. சிக்னலில் நின்றால் மற்றவர்கள் கியரைப் போட்டபடி கிளட்சை மிதித்துக்கொண்டே நிற்பார்கள். இவர் உடனே நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுக் காலை எடுத்துவிடுவார். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை நின்றாலும் முந்நூறு தடவையும் தள்ளுவார். "வண்டி நிக்கும்போது அதுக்கும் ஓய்வு குடுக்கணும்" என்பது அவர் கட்சி.

மனைவி ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் நர்ஸாக இருந்தவள். புண்ணுக்குக் கட்டுப் போடுவதில் கெட்டிக்காரி. ஓய்வுபெற்றதும், படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்கே போய்ச் சிகிச்சை தரும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்துகொண்டாள். காலையில் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து வாங்கிக்கொண்டு, அங்கிருந்து ஒரு நாளைக்கு ஏழு வீடு. ஏழிலும் அவள் உயிரை வைத்திருந்தது தையல்காரர் வீட்டில். சர்க்கரை நோயால் அவருக்குக் கால் கட்டைவிரலில் ஒரு புண். தினமும் தவறாமல் சுத்தம் செய்து கட்டினால் விரல் தங்கும், இல்லாவிட்டால் எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த விரலால்தான் அவர் தையல் மெஷினை மிதித்துப் பிழைத்தார். நாலு மாதமாகக் கட்டி, புண்ணின் ஓரத்தில் ரோஜா நிறத்தில் புதுச் சதை எட்டிப் பார்த்த அன்று, அவள் வீட்டுக்கு வந்து அதைப் பத்து தடவையாவது சொல்லியிருப்பாள்.

இரண்டரை வருஷத்துக்கு முன்பு வாங்கிய வண்டி அது; ஒரு பல் டாக்டர் ஓட்டியது. கியர் தானாக மாறிக்கொள்ளும். மனைவியின் முழங்கால் கிளட்ச் மிதிக்க ஒத்துழைக்காது என்பதால் அதை வாங்கினார்கள். "பொம்மை வண்டி" என்று தம்ளர் உதட்டைப் பிதுக்கினார். ஆனாலும் மனைவியிடம் சாவியைக் கொடுக்க மனசு வராமல், முதல் ஒன்றரை வருஷத்துக்கு மேல் அவரேதான் அவளை வீடு வீடாகக் கொண்டுபோய் விட்டார். ஐம்பத்து நாலு வயதில் அவள் ஓட்டக் கற்றுக்கொண்டு, கடந்த எட்டு மாதமாகத்தான் வார நாட்களில் அவளே எடுத்துப் போனாள். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் வண்டி அவர் வசம்.

ஆகவே மேம்பாலத்திலிருந்து இறங்கும்போதே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

"எட்டு மாசம் உன் கையில குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்" என்றார். "இனிமே நீ தொட வேணாம்."

"நான் என்ன தப்பா ஓட்டறேன்னு சொல்லுங்க. திருத்திக்கறேன்."

"அது சொல்லி வர்ற சமாச்சாரம் இல்ல. கைக்கு வரணும்."

அவள் மேற்கொண்டு வாதாடவில்லை. வாகனம் சம்பந்தமான எந்த விஷயத்திலும் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது. சாவி அவள் கைப்பையிலிருந்து அவர் சட்டைப்பைக்கு இடம் மாறியது. அந்த வாரம் அவரே கொண்டுபோய் விட்டார். அதற்குள் இன்னும் இரண்டு இடத்தில் வண்டி படுத்தது. பிறகு அவள் பேருந்தில் போக ஆரம்பித்தாள்.

பேருந்தில் ஏறி இறங்கி, நடந்து, மாடிப்படி ஏறினால் ஏழு வீடு எப்படி முடியும்? மூன்றுதான் முடிந்தது. மீதி நாலு வீட்டை நிறுவனம் வேறொரு நர்ஸிடம் கொடுத்தது. பேருந்து வழியில் இல்லாததால் தையல்காரர் வீடும் அந்த நாலில் போய்விட்டது. "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா அதுக்கு ஏற்கெனவே எட்டு வீடு" என்று சாப்பிடும்போது ஒரு தரம் சொன்னாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். மேற்பார்வையாளர் அம்மா கெடுவும் வைத்துவிட்டார்: வெள்ளிக்கிழமைக்குள் வண்டி உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் அலுவலகத்தில் உட்கார்ந்து தொலைபேசி எடுக்கும் வேலைதான்.

தம்ளர் கல்நெஞ்சக்காரர் இல்லை. வண்டியைச் சரிசெய்ய அலைந்து திரிந்தார். பணிமனையில் உடன் வேலை பார்த்த மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடினார். "இது நம்ம சரக்கு இல்லப்பா. கியர்பெட்டிக்காரரப் போய்ப் பாரு" என்றார்.

கியர்பெட்டிக்காரரின் பட்டறை டயர் கடைக்குப் பின்னால் இருந்தது. சுத்தியல் சத்தம் கிடையாது, பாட்டுச் சத்தமும் கிடையாது. தரையைத் துடைத்து வைத்திருந்தார்கள். ஐம்பது வயதுக்காரர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, கியர்பெட்டிக்குள்ளிருந்து எண்ணெயைக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டார். பக்கத்திலேயே புது எண்ணெயில் ஒரு சொட்டு. புதுச் சொட்டு சிவப்பாக விரிந்தது. இவர் வண்டியின் சொட்டு, கறுப்பாக, நடுவில் கசடோடு உட்கார்ந்துவிட்டது.

"மோந்து பாருங்கண்ணே."

மோந்தார். அடுப்பில் மறந்துபோன பாத்திரத்தின் தீய்ந்த வாடை.

"எண்ணெய எப்ப மாத்தினீங்க?"

"ஆயுசுக்கும் மாத்தவே வேணாம்னு வித்தவர் சொன்னாரே."

"அவருக்கென்ன, வித்துட்டாரு." தாளை மடித்து வைத்தார். "மீட்டர் எழுபதாயிரம்தான் காட்டுது. ஆனா மீட்டருக்குத் தெரிஞ்சது தூரம் மட்டும்தாண்ணே. உங்க வீட்டுலேருந்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு?"

"ஒம்பது கிலோமீட்டர்."

"எவ்வளவு நேரம் ஆகுது?"

"காலையில ஒரு மணி பத்து நிமிஷம்."

"வெளியூர் ரோட்டுல இந்த நேரத்துல எழுபது கிலோமீட்டர் போயிருப்பீங்க, கியர் நாலு தடவ மாறியிருக்கும். இங்க ஒம்பதே கிலோமீட்டர்ல அது முந்நூறு தடவ மாறுது. நகர்ந்து நின்னு, நகர்ந்து நின்னு, உள்ள சூடு ஏறிக்கிட்டே போகும், காத்துப் பட்டு ஆறவும் வழியில்ல. எண்ணெய் வெந்துபோச்சு. எண்ணெய் வெந்தா உள்ள இருக்கற கிளட்ச் வழுக்கும்."

"இதுல ஏதுய்யா கிளட்ச்?" தம்ளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கிளட்ச் இல்லாத வண்டின்னுதான வாங்கினோம்."

"உங்க காலுக்குக் கிளட்ச் இல்ல. உள்ள நாலஞ்சு இருக்கு."

முப்பத்தொரு வருஷம் வண்டி ஓட்டியவர் குனிந்து வண்டியின் அடியில் பார்த்தார். தனக்குத் தெரியாமல் தன் வண்டிக்குள் நாலைந்து கிளட்ச் ஒளிந்துகொண்டிருந்ததில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் கோபமும் வந்தது.

ஆனால் நகர நெரிசல் மட்டும் இவ்வளவு சீக்கிரம் தின்றுவிடாது என்றார் கியர்பெட்டிக்காரர். ஓட்டுகிற கையும் ஒன்று இருக்கிறது. பெட்டியைப் பிரித்துப் புதுத் தகடு போட்டுக் கொடுத்தாலும், அதே கை ஓட்டினால் மறுபடி இங்கேதான் வரும். அதனால் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வண்டியை ஓட்டுகிற ஒவ்வொருவர் பக்கத்திலும், அவர்கள் வழக்கமாகப் போகும் நேரத்தில், வழக்கமான பாதையில் ஒரு தரம் உட்கார்ந்து போய் வருவார். அதற்குப் பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவார்.

"நான் வர்றேன். ஆனா கெடுத்தது என் வீட்டுக்காரி" என்றார் தம்ளர்.

"ரெண்டு பேரும் வாங்க. ஆளுக்கு ஒரு நாள். ரெண்டு பேரையும் பாத்துட்டுத்தான் வாயத் திறப்பேன்."

புதன்கிழமை காலை எட்டரைக்கு மனைவி ஓட்டினாள். தம்ளரும் ஏறிக்கொள்ளப் பார்த்தார். கியர்பெட்டிக்காரர் கதவைச் சாத்திவிட்டார். "நீங்க இருந்தா அவங்க ஓட்ட மாட்டாங்க. நீங்கதான் வாயால ஓட்டுவீங்க." பட்டறையிலேயே காத்திருந்தார். அவர்கள் திரும்பி வந்தபோது கியர்பெட்டிக்காரர் கையில், கூட்டத்தைக் கணக்கெடுப்பவர்கள் வைத்திருப்பார்களே, பொத்தானை அழுத்தினால் எண் ஒன்று கூடும் சின்னக் கருவி, அது இருந்தது. தம்ளர் எட்டிப் பார்த்தார். 4 என்று இருந்தது.

"என்ன, நாலுதானா?"

"ஆஸ்பத்திரி வரைக்கும் நாலுதான்."

இதைவிட வேறென்ன வேண்டும்? அன்று சாயங்காலம் மனைவி மருந்துப் பையைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிட்டார். "நூத்துக்கு நாலு வாங்கியிருக்க. நாலு. அந்த மனுஷன் பொத்தான அழுத்தக் காத்துக்கிட்டே இருந்திருக்காரு, பாவம்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "அவ்வளவு மோசமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எத்தனையோ பேர் புண்ணை வலிக்காமல் துடைத்த கை. தம்ளர் அதைக் கவனித்தார். பாவமாகத்தான் இருந்தது. உண்மையைச் சொல்லாமல் மறைத்தால் அதுவும் நல்லதில்லையே என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு அவர் முறை. சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வந்தார். கியர்பெட்டிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கருவியைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். வழி முழுக்கப் பேசவில்லை. ஆனால் 'டிக்' சத்தம் கேட்டது. முதல் சிக்னலுக்குள்ளேயே நாலு. மனைவி வாங்கிய மொத்த மார்க்கும் கிளம்பின உடனேயே வந்துவிட்டது என்று தம்ளர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். அப்புறம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிக், டிக். சந்தை முனையில் எறும்பு ஊர்கிற மாதிரி ஊர்ந்தபோது டிக் டிக் டிக் என்று கொட்டியது. மேம்பாலத்து ஏற்றத்தில் பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரை இழையாக மிதித்தே வண்டியை அந்தரத்தில் நிறுத்திக் காட்டினார். பிரேக் கட்டை தேயாமல் இருக்க அவரே கண்டுபிடித்த வித்தை அது. கியர்பெட்டிக்காரர் புருவம் உயர்ந்ததைப் பார்த்தார். அசந்துவிட்டார் மனுஷன் என்று நினைத்தார். நூறு அடிக்காமல் விடுவதில்லை என்றுகூட ஒரு ஆசை வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியதும், "எத்தனை?" என்றார், குரலில் அடக்கத்தை வரவழைத்துக்கொண்டு.

"எண்பத்தாறு."

"பரவாயில்ல. முன்ன மாதிரி இல்ல, வயசாயிடுச்சு."

கியர்பெட்டிக்காரர் கருவியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். "அண்ணே, இது மார்க் இல்ல. கியர் லீவர எத்தனை தடவ தள்ளினீங்கங்கற கணக்கு. கிளம்ப, நிறுத்த நாலு; மீதி நாப்பத்தோரு தடவ நியூட்ரலுக்கு, நாப்பத்தோரு தடவ திரும்ப. உங்க வீட்டம்மா கிளம்பும்போது ரெண்டு, நிறுத்தும்போது ரெண்டு. நடுவுல தொடவே இல்ல. நின்னா பிரேக்க மிதிச்சாங்க, போகணும்னா விட்டாங்க. அப்படித்தான் ஓட்டணும்."

தம்ளருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சுறுசுறுவென்று ஏறியது.

"நான் லீவரத் தொடவே இல்லையே!"

"தொட்டீங்க."

"தொடலைய்யா. இது தானா மாறுற வண்டின்னு எனக்குத் தெரியாதா? நான் எதுக்குத் தொடணும்?"

கியர்பெட்டிக்காரர் வாதம் பண்ணவில்லை. "திரும்பிப் போகும்போது கையப் பாத்துக்கிட்டு வாங்க" என்றார்.

முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. வண்டி நின்றது. தம்ளர் குனிந்து பார்த்தார். அவருடைய கை லீவரின் மேல் இருந்தது. லீவர் நியூட்ரலில் இருந்தது. எப்போது போனது, எப்போது தள்ளியது, ஒன்றும் தெரியவில்லை. பச்சை விழுந்தது. கை தள்ளியது, அது முழுசாக விழுவதற்குள் கால் ஆக்சிலேட்டரை மிதித்தது, உள்ளே 'தொம்' என்று ஓர் இடி. அந்த இடியை அவர் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி கெடுத்ததால் வரும் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நிறுத்தத்தில் கையை ஸ்டியரிங்கில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டார். தொடக்கூடாது, தொடக்கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே முன்னால் போன ஆட்டோ ஒன்று குறுக்கே வெட்டியதைப் பார்த்தார். ஒரு வினாடிதான். குனிந்தால் கை லீவரில் இருந்தது.

பேயறைந்தாற்போல் உட்கார்ந்துவிட்டார். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"தள்ளும்போது உள்ள கிளட்ச் விடுது. திரும்பப் போடும்போது பிடிக்கணும். ஒவ்வொரு பிடிக்கும் கொஞ்சம் தேயும். பிடிக்கறதுக்குள்ள மிதிச்சா இன்னும் தேயும். ஏத்தத்துல ஆக்சிலேட்டர்ல நிறுத்திப் பிடிக்கறீங்க பாருங்க, அங்கதான் எண்ணெய் வேகுது" என்று கியர்பெட்டிக்காரர் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டு வந்தார். "பஸ்ல இது நல்ல பழக்கம்ணே. உங்கள மாதிரி பஸ் ஓட்டினவங்க நெறைய பேர் எங்கிட்ட வந்திருக்காங்க. நல்லா ஓட்டினவங்கதான் வருவாங்க. ஏனோதானோன்னு ஓட்டினவங்க கை சும்மா கிடக்கும்."

ஆறுதலாகத்தான் சொன்னார். தம்ளர் காதில் அது ஏறவில்லை. ஒரு நாளைக்குப் போகும்போது எண்பத்தாறு, திரும்பி வரும்போது இன்னொரு எண்பத்தாறு, ஒன்றரை வருஷம் என்று மனசு பெருக்கிக்கொண்டே போனது. விடை பயங்கரமாக இருந்தது. வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்தார். கை தன் பாட்டுக்கு எதையாவது செய்கிறதா என்று வழி நெடுகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மனைவி நாலு மணிக்கு வந்தாள். சமையலறையில் நின்றபடியே தண்ணீர் குடித்தாள். அவர் வாசற்படியில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். எண்பத்தாறைச் சொன்னார். நாலு என்றால் என்ன அர்த்தம் என்பதையும் சொன்னார். சொல்லி முடிக்க ரொம்ப நேரம் பிடித்தது. நடுவில் இரண்டு தடவை இருமினார்.

அவள் சொம்பைக் கீழே வைத்தாள்.

"நான் சொன்னேனே" என்றாள்.

"என்ன சொன்ன?"

"கைய எதுக்கு அப்படித் தள்ளிக்கிட்டே இருக்கீங்கன்னு. ரெண்டு தடவ சொன்னேன். ஒரு நாள் மழையில, சந்தை முனையில. இன்னொரு நாள் தையல்காரர் வீட்டுச் சந்துல திரும்பும்போது. எனக்கு ஓட்டப் பயிற்சி குடுத்த அம்மா நடுவுல லீவரத் தொடக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்தாங்களே, நீங்க தொடறீங்களேன்னு கேட்டேன். 'நீ ரோட்டப் பாத்துக்கிட்டு வா'ன்னீங்க."

தம்ளர் யோசித்தார். மழை ஞாபகம் வந்தது. கண்ணாடியைத் துடைத்தது ஞாபகம் வந்தது. அவள் பேசியது மட்டும் வரவே இல்லை. அவள் பொய் சொல்கிறவள் இல்லை. இடத்தையும் நாளையும் சேர்த்துச் சொல்கிறாள். அப்படியானால் கை மட்டுமா அவருக்குத் தெரியாமல் வேலை செய்தது? மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப மேம்பாலத்துல உன்னத் திட்டினப்போ ஏன் சொல்லல?"

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அப்ப அது ஞாபகமே வரலைங்க" என்றாள் கடைசியில். "நீங்க நாந்தான் கெடுத்தேன்னு சொன்னதும், சரி, நாந்தான் போலிருக்குன்னு ஆயிடுச்சு. கண்ணால பாத்தவ நான். ஆனா நீங்க சொன்னதுதான் மனசுல நின்னுச்சு."

பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். எதை எழுதினாலும் ஒரு நகல் வைத்துக்கொள்வது அவள் ஆஸ்பத்திரிப் பழக்கம். தம்ளர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தார். 'என்னுடைய கைப்பழக்கத்தால் எங்கள் வாகனம் பழுதடைந்துவிட்டது. எனக்குச் சரியாக ஓட்ட வரவில்லை என்பது தெரிந்துவிட்டபடியால், வீடுகளுக்குச் செல்லும் பணியிலிருந்து என்னை விடுவித்து, தொலைபேசி மேசைக்கு மாற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்.' கீழே கையெழுத்தும் அன்றைய தேதியும்.

"எப்ப குடுத்த?"

"காலையில. நேத்து நீங்க நாலு மார்க்குன்னு சொன்னீங்கல்ல, அதுக்கப்புறம் நாளைக்கடத்தி என்ன பிரயோஜனம்?"

'கைப்பழக்கம்' என்ற வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்தார். அவர் செய்ததை அவள் தன் பெயரில், தன் கையெழுத்தில், தேதி போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். எழுத வைத்தது அவர்.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகம் திறப்பதற்கு முன்பே இருவரும் போய் நின்றார்கள். மேற்பார்வையாளர் அம்மா சின்ன அறையில், சுவர் நிறைய வீட்டு முகவரிகள் எழுதிய பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். தம்ளர் உட்காராமலே பேசினார். "அந்த லெட்டர்ல இருக்கறது தப்புங்க. வண்டியக் கெடுத்தது நானு. இவ ஒழுங்காத்தான் ஓட்டினா. நான் சொன்னத நம்பி எழுதிட்டா. வண்டி பன்னெண்டு நாள்ல வந்துடும், சாவி இவகிட்டதான் இருக்கும்."

அந்த அம்மா அவரையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"நல்லதாப் போச்சு. எனக்கும் ஆள் பத்தல. வண்டி வந்ததும் நாலு வீட்டையும் திருப்பித் தரலாம்னு..." பலகையைப் பார்த்தவர் நிறுத்தினார். "மூணு வீடு."

"நாலுங்க" என்றாள் மனைவி. "தையல்காரரோட சேத்து நாலு."

"உங்களுக்கு யாரும் சொல்லலையா?" மேற்பார்வையாளர் அம்மாவின் குரல் இறங்கியது. "அந்தப் பொண்ணுக்கு ரெண்டு நாளைக்கு ஒரு தடவதான் போக முடிஞ்சுது. போன வாரம் ஒரு தடவ மூணு நாள் ஆயிடுச்சு. புண்ணு புரையோடிடுச்சும்மா. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில கட்டைவிரல எடுத்துட்டாங்க."

மனைவி பையின் வாரை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள். தம்ளர் நாளை எண்ணிப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை. அன்று கியர்பெட்டிக்காரரின் பட்டறையில் நின்று, கெடுத்தது என் வீட்டுக்காரி என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் மனைவி வீட்டுப் பக்கம் போகவில்லை. எதிர்ப்புறமாகச் சாலையைக் கடந்து, ஆஸ்பத்திரி போகும் பேருந்துக்காக நின்றாள். அவரும் பின்னாலேயே போய்ப் பக்கத்தில் நின்றார்.

"நானும் வரட்டுமா?" என்றார். அவளிடம் எங்கேயும் வர அவர் அனுமதி கேட்டது கிடையாது.

அவள் திரும்பிப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

"வாங்க. ஆனா அவர்கிட்ட என்ன சொல்லப் போறீங்கன்னு யோசிச்சுக்கிட்டு வாங்க."

பேருந்து வந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், அவர் பக்கத்தில். ஒரு மணி பத்து நிமிஷம். வண்டி நகர்ந்து நின்றது, நகர்ந்து நின்றது. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் அவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துப் பார்த்தார். எந்த வாக்கியமும் 'நான்' என்ற சொல்லைத் தாண்டவில்லை. ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் மனைவி எழுந்துவிட்டாள். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.